புதுத் தோல் பூட்ஸ் கடிக்கிறதா? பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்துக்கோ வேட்டைக்கோ கனமான தோல் பூட்ஸ் வாங்கியவர்கள் முதல் ஒரு மாதத்தில் கேட்கும் கேள்விகள் இவை. புதுச் செருப்பு கடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் செருப்பு கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். காட்டுக்குள் பத்தாவது கிலோமீட்டரில், முதுகில் சுமையோடு பூட்ஸ் கடித்தால் அதற்கு வழியில்லை.

பழக்குவது என்றால் பூட்ஸில் என்னதான் மாறுகிறது?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஒரு பாய் மாதிரி. தொழிற்சாலையில் அதைக் கால் வடிவ அச்சு ஒன்றின்மேல் இழுத்துப் போர்த்தி பூட்ஸாக்குகிறார்கள். இந்த அச்சுக்கு லாஸ்ட் என்று பெயர். ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும்போது அந்த பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்துவது அச்சுக்குத்தான், உங்கள் காலுக்கு அல்ல.

நீங்கள் நடக்கத் தொடங்கியதும் காலின் சூடும் வியர்வை ஈரமும் நார்களை இளக வைக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் தோல் அதே இடத்தில் மடிந்து நிமிர்கிறது. நார்கள் ஒன்றையொன்று தாண்டி நகரக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள மெத்தை அமுங்குகிறது, உள்ளே பாதத்துக்கு அடியிலிருக்கும் இன்சோல் உங்கள் உள்ளங்காலின் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. இதற்கிடையில் காலும் சும்மா இல்லை. உராயும் இடங்களில் தோல் மெல்லக் கெட்டிப்படுகிறது.

மாறாதவை எவை என்று தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். பூட்ஸின் நீளம் மாறாது. விரல்களுக்கு மேலிருக்கும் முன்கூடும், குதிகாலைப் பிடிக்கும் பின்கூடும் பெரிதாக இளகாது. சோலுக்குள் எஃகிலோ நைலானிலோ ஒரு பட்டை வைத்திருப்பார்கள். அதுவும் அவ்வளவு எளிதில் வளையாது. கரடுமுரடான கல்லின்மேல் பாதம் முறுக்கிக்கொள்ளாமல் காப்பதற்காகத்தான் அந்த விறைப்பே. "சோல் இன்னும் வளையவில்லையே" என்று கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். வளையக் கூடாது என்றுதான் அதற்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

எல்லா பூட்ஸையும் பழக்க வேண்டுமா? எத்தனை நாள் ஆகும்?

துணியும் மெல்லிய ஸ்வேடும் (உட்புறத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய தோல்) கலந்த இலகுரக பூட்ஸ் ஓரிரு நாளில் சரியாகிவிடும். நுபக் (மேற்புறத்தை லேசாகத் தேய்த்து மென்மையாக்கிய தோல்) அல்லது நடுத்தரத் தடிமனுள்ள தோல் என்றால் ஒன்றிரண்டு வாரம். முழுத்தோலில், அதாவது மேற்பரப்பைச் சீவாத ஃபுல் கிரெய்ன் தோலில், 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகச் செய்த பூட்ஸுக்கு ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஒதுக்கிவையுங்கள்.

நாள் கணக்கைவிட நடந்த தூரக் கணக்கு நம்பகமானது. கனமான ஜோடிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் நடந்திருந்தால் பெரும்பாலும் வழிக்கு வந்திருக்கும். அலமாரியில் இரண்டு மாதம் இருந்த பூட்ஸ் இரண்டு மாதம் பழகிய பூட்ஸ் ஆகாது. சிரிக்காதீர்கள், "வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் கடிக்குது" என்று சொன்னவரிடம் எத்தனை முறை போட்டீர்கள் என்று கேட்டால், மூன்று என்றார்.

கடையில் சரியாக இருந்தது, வீட்டில் இறுக்குகிறது. பழகினால் சரியாகுமா, இல்லை அளவே தப்பா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். "செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா" என்று ஒரு பழமொழி உண்டு. பழக்குகிறேன் என்ற பெயரில் பலரும் செய்வது அதைத்தான். தப்பான அளவு பூட்ஸை எத்தனை நாள் போட்டாலும் அது பழகாது, காலைத்தான் கெடுக்கும்.

சோதனையை வீட்டுக்குள், சுத்தமான தரையில் செய்யுங்கள். வெளியே ஒரு முறை நடந்து சோல் அழுக்கானால் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள். சாயங்காலம் செய்வது நல்லது. பகலெல்லாம் நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். காட்டுக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் லேஸைத் தளர்த்திவிட்டு, விரல்கள் முன்னால் முட்டும்வரை காலை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பூட்ஸ் சின்னது. இரண்டு விரல் நுழைந்தால் பெரியது. பிறகு குதிகாலைப் பின்னால் உட்காரவைத்து லேஸை இறுக்கிக் கட்டி, ஒரு சரிவில் கீழ்நோக்கி இறங்குங்கள். சரிவான பலகையோ மாடிப்படியோ போதும். கட்டைவிரல் நுனி முன்சுவரில் முட்டினால் அந்த பூட்ஸை அங்கேயே விட்டுவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் நகம் கறுத்து விழுவது இப்படித்தான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் சோதிப்பதும் அவசியம். வளர்ந்த நகம் நல்ல பூட்ஸைக்கூடக் கெட்டதாகக் காட்டும்.

இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்குங்கள், சின்னக் காலுக்கு இன்சோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்துக்கொள்ளலாம். சுமை தூக்கும்போது பாதம் தட்டையாகிக் கொஞ்சம் நீளும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, எந்த இறுக்கம் பழகிப் போகும்? முன்பாதத்தின் அகலப் பகுதியில் ஒரே சீராகக் கட்டிப்பிடித்தது போன்ற இறுக்கம் போகும். கணுக்கால் பக்கம் விறைப்பாக இருப்பது போகும். விரல் நுனியில் முட்டுவது போகாது. சுண்டுவிரல் பக்கவாட்டில் நசுங்கி மரத்துப்போனால் அதுவும் போகாது. மரத்துப்போதல் எப்போதும் கெட்ட அறிகுறி.

எப்படித் தொடங்குவது?

வீட்டுக்குள் போட்டுக்கொண்டு அன்றாட வேலையைப் பாருங்கள். முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி, அப்புறம் இரண்டு. உட்கார்ந்திருந்தால் பயனில்லை, தோல் மடிய வேண்டும். படியேறி இறங்குங்கள், குந்தி எழுந்திருங்கள்.

நான்கைந்து நாளில் வீட்டுக்குள் எதுவும் உறுத்தவில்லை என்றால் தெருவில் இறங்கலாம். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், சமதளம். பிறகு மண்பாதை. பிறகு ஏற்ற இறக்கம். கடைசியாகச் சுமை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கூட்டுங்கள்: தூரத்தைக் கூட்டிய அன்று சுமையைக் கூட்டாதீர்கள். அப்போதுதான் எங்காவது வலித்தால் எதனால் என்று தெரியும்.

இரண்டு நடைக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி நல்லது. உள்ளே இறங்கிய ஈரம் காயும், உங்கள் குதிகாலுக்கும் ஓய்வு கிடைக்கும். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டால் சீக்கிரம் பழகும் என்று நினைக்காதீர்கள். கொப்புளம் வந்தால் ஒரு வாரம் பூட்ஸைத் தொட முடியாது. இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் ஏழு நாள் போச்சு.

முதல் மடிப்பு எங்கே விழுகிறது என்பது முக்கியமா?

மிகவும். தோல் எங்கே முதலில் மடிகிறதோ, அந்த பூட்ஸின் ஆயுள் முழுக்க அங்கேதான் மடியும். அந்தக் கோடு விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுக்கு நேராக விழ வேண்டும். முன்னால் தள்ளி விழுந்தால் ஒவ்வோர் அடியிலும் மடிப்பு விரல் கணுக்களை அழுத்தும்.

அதனால் முதல் சில முறை லேஸைச் சோம்பலில்லாமல் ஒழுங்காகக் கட்டுங்கள். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். நாக்குப் பகுதி நடுவில் நேராக இருக்கிறதா பாருங்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு துளையிலும் சீராக இறுக்குங்கள். நாக்கு ஒரு பக்கம் சாய்ந்தபடியே பழகிவிட்டால் பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு காயும்வரை நடந்தால் சீக்கிரம் பழகுமாமே?

இது வெறும் கட்டுக்கதை இல்லை, ராணுவ வழக்கம். அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்ட் மன்சன் படைவீரர்களின் கால்களை ஆராய்ந்து ஒரு புதிய அச்சை உருவாக்கினார். அந்தக் காலத்தில், 1912-இல், ராணுவம் கொடுத்த அறிவுரை இப்படி இருந்தது: புதுக் காலணியோடு சுமார் இரண்டரை அங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நில், பிறகு சமதளத்தில் ஒரு மணி நேரம் நடந்து காலிலேயே காயவிடு, கழற்றியதும் கொஞ்சம் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுப்பது) தடவு. ஈரத்தோல் அச்சின்மேல் வடிவம் பெற்றது போலவே காலின்மேலும் வடிவம் பெறும் என்பது கணக்கு. கணக்கு சரிதான்.

ஆனால் அது பஞ்சு மெத்தையும் சவ்வும் இல்லாத, ஒற்றைத் தோலால் செய்த காலணி. இன்றைய பூட்ஸுக்குள் நுரை அடுக்கு, உள்துணி, பல சமயம் நீர்புகாச் சவ்வு எல்லாம் இருக்கும். நனைந்தால் அது ஒரு மணி நேரத்தில் காயாது, இரண்டு நாள் ஆகும். ஈரத்தோடு நடந்தால் காலின் தோல் ஊறிக் கொப்புளம் வரும். தோலிலுள்ள கொழுப்பும் தண்ணீரோடு கொஞ்சம் வெளியேறி, காய்ந்ததும் முன்னைவிட விறைக்கும். அந்த ராணுவ அறிவுரையில் கடைசியாக எண்ணெய் வந்ததற்குக் காரணம் இதுதான். நனைக்கச் சொல்கிறவர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே எதுவும் இல்லாத பழைய பாணி முழுத்தோல் பூட்ஸ் என்றால், ஈரத்துணியால் மடியும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு நடக்கலாம். அதுவே போதும்.

ஹேர் டிரையர், அவன், ஃப்ரீசர்?

முதல் இரண்டும் வேண்டவே வேண்டாம். கொலாஜன் சூட்டில் சுருங்கும் பொருள், ஈரமாக இருக்கும்போது இன்னும் சீக்கிரமாக. சுருங்கிய தோல் திரும்பப் பழைய நிலைக்கு வராது. சோலை ஒட்டியிருக்கும் பசையும் சூட்டில் இளகும். மழையில் நனைந்த என் முதல் ஜோடியை அடுப்பருகே வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் இடது பூட்ஸின் முன்பகுதி மேலே வளைந்து, மடிப்பில் விரிசலோடு நின்றது. வலது பூட்ஸ் கொஞ்சம் தள்ளி இருந்ததால் பிழைத்தது. ஒற்றை பூட்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

ஃப்ரீசர் முறை என்பது தண்ணீர் நிரப்பிய பையைப் பூட்ஸுக்குள் வைத்து உறையவிடுவது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் அது எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம் விரியும். உங்களுக்கு எங்கே இடம் வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பை கிழிந்தால் உள்ளே குளம்.

எண்ணெய் தடவினால் இளகுமா?

இளகும், சில சமயம் தேவைக்கு மேல். நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மிங்க் எண்ணெய் போன்றவற்றை அள்ளிப் பூசினால் கணுக்காலைத் தாங்க வேண்டிய தோலே தொளதொளத்துப்போகும். சோல் ஒட்டிய பசைக்கும் தையலுக்கும்கூட நல்லதல்ல. புது பூட்ஸில் ஏற்கெனவே போதிய கொழுப்பு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். தேன்மெழுகு கலந்த கிரீமை விரலால் மெல்லியதாக, மடிப்பு விழும் இடத்திலும் நாக்கின் ஓரத் தையலிலும் தேய்த்தால் போதும். சமையல் எண்ணெய் தடவாதீர்கள், நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும்.

நுபக், ஸ்வேட் இரண்டிலும் மெழுகோ எண்ணெயோ பட்டால் நிறம் கறுத்து அந்த மென்மையான பரப்பே போய்விடும். அவற்றுக்கென்று தெளிப்பான் தனியாக உண்டு. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு உள்ள பூட்ஸிலும் கனமான எண்ணெய் வேண்டாம். தோலின் நுண்துளைகள் அடைபட்டால் உள்ளே வரும் வியர்வை ஆவி வெளியேற வழியிருக்காது.

என்ன சாக்ஸ்?

மெரினோ கம்பளி, அல்லது கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது. பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத்தோல் காய்ந்த தோலைவிட அதிகம் உராயும். கொப்புளத்துக்குப் பேர்போனவர்கள் உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, மேலே தடித்தது ஒன்று போட்டுப் பார்க்கலாம். உராய்வு இரண்டு சாக்ஸுக்கும் இடையே நடந்துவிடும். ஆனால் அந்த இரண்டோடும் சேர்த்துத்தான் பூட்ஸின் அளவைப் பார்த்திருக்க வேண்டும்.

நடக்கும்போது குதிகால் தூக்குகிறது. பூட்ஸ் பெரிதா?

கட்டாயமில்லை. சோல் விறைப்பாக இருக்கும்போது கால் வளையும், பூட்ஸ் வளையாது. அதனால் குதிகால் அரை சென்டிமீட்டர் அளவு எழும்புவது புதிதில் சகஜம். மேல்தோல் மடியத் தொடங்கியதும் குறையும். அதற்கு மேல் எழும்பினால் லேஸில் வேலை இருக்கிறது.

பாதம் கணுக்காலோடு சேரும் வளைவில், லேஸின் இரு நுனிகளையும் ஒரு முடிச்சுக்குப் பதில் இரண்டு மூன்று முறை சுற்றி இழுங்கள். அறுவை மருத்துவர்கள் போடும் முடிச்சு மாதிரி, அது இறுக்கத்தை அங்கேயே பூட்டிவிடும். கீழே முன்பாதம் தளர்வாகவும் மேலே கணுக்கால் இறுக்கமாகவும் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. இதையெல்லாம் செய்தும் மூன்று வாரத்துக்குப் பிறகு குதிகால் எழும்பினால், பின்கூடு உங்கள் குதிகாலைவிட அகலம் என்று அர்த்தம்.

ஒரு இடத்தில் மட்டும் குத்துகிறது.

அது தோல் பூட்ஸின் நல்ல பக்கம். அந்த ஒரு இடத்தை மட்டும் நகர்த்த முடியும். செருப்புத் தைப்பவர்களிடம் ஒரு முனையில் குண்டும் மறுமுனையில் வளையமும் உள்ள இடுக்கி இருக்கும். துருத்தும் எலும்புக்கு நேராக உள்ளிருந்து குண்டை வைத்து அழுத்தி, ஓரிரவு விட்டுவிடுவார்கள். எங்கே என்று காட்ட பூட்ஸின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக் கொண்டுபோங்கள். விரலால் "இங்கே இங்கே" என்று காட்டினால் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். அகலத்தில் சில மில்லிமீட்டர் கிடைக்கும். ரப்பர் பட்டை ஒட்டிய இடத்திலும் விரல் கூட்டிலும் இந்த வித்தை பலிக்காது.

கொப்புளம் வந்துவிட்டால்?

வருவதற்கு முன்னால் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். வெளித்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவே நீர் கோக்கிறது. அதற்கு முன்பு ஒரு சுருசுருப்பு, சூடு தெரியும். அந்த நொடியே நில்லுங்கள். "அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஓய்விடத்தில் பார்ப்பது கொப்புளத்தைத்தான்.

காலை உலர்த்தி, அந்த இடத்தில் பேப்பர் டேப் ஒட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண அறுவைசிகிச்சை டேப்தான். நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்து ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த டேப் கொப்புளத்தைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. பழக்கும் நாட்களில் குதிகாலில் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு கிளம்புவதில் வெட்கமில்லை.

சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்க முடியாமல் போனால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாமாகக் குத்தக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

வேட்டை பூட்ஸுக்கு வேறு வழி உண்டா?

வழி ஒன்றுதான், உயரம்தான் சிக்கல். வேட்டை பூட்ஸ் 8 முதல் 10 அங்குலம் வரை உயர்ந்து கெண்டைக்காலைத் தொடும். அதன் மேல்விளிம்பு முன்கால் எலும்பில் உராயும், லேஸ் கணுக்காலின் முன் நரம்பை அழுத்தும். முதல் வாரம் மேலே இரண்டு கொக்கிகளை விட்டுவிட்டுக் கட்டுங்கள். அழுத்தும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் நேராக மேலே ஏற்றினால் அங்கே ஒரு ஜன்னல் கிடைக்கும்.

இன்னொன்று: குளிருக்கான உள்பஞ்சு வைத்த பூட்ஸை வெயில் காலத்தில் பழக்க நேரும். கால் வேர்த்து ஊறும், சாக்ஸை நடுவில் மாற்றுங்கள். முழு ரப்பரால் ஆன பூட்ஸைப் பழக்க எதுவுமே இல்லை. போட்ட அன்று எப்படியோ அப்படியேதான் கடைசிவரை.

நாளை மறுநாள் பயணம், பூட்ஸ் இன்றுதான் வந்தது.

பழையதைப் போட்டுக்கொண்டு போங்கள். பழையது இல்லையென்றால் ஓடும் ஷூ.

வாங்கிப் பெட்டியிலேயே பல வருடம் வைத்திருந்த பூட்ஸை இப்போது பழக்கலாமா?

முதலில் மிட்சோலை, அதாவது அடிச்சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவிலிருக்கும் மெத்தை அடுக்கை, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பல பூட்ஸில் அது பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை. காற்றிலுள்ள ஈரமே அந்தப் பொருளை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். தோல் புத்தம்புதிதாகப் பளபளக்கும், ஆனால் சில கிலோமீட்டரில் சோல் பிட்டுப்பிட்டாக உதிர்ந்து கையோடு வந்துவிடும். அழுத்தும்போது பொடிகிறதா, ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பழக்குவதற்கு முன் சோலை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் முதல் நான்கைந்து நடையை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். சோல் கழன்றால் வெறுங்காலோடு திரும்பி வரும் தூரத்தில்.